சேலியமேட்டு மோட்டார் கொட்டகைச் சுவர்

சித்திரை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. இந்த வெயிலில் பாகூர் பக்கம் யாரும் ஊர் சுற்றப் போக மாட்டார்கள். நான் போனது என் தவறு ஒன்றைச் சரிசெய்ய.

புதுச்சேரியில் புவியியல் முதுகலை மாணவர்களுக்கு ஆய்வேடு எழுதுவதற்கான ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். எதை எந்த வரிசையில் எழுதுவது, எது ஆதாரம், எது ஆதாரமில்லை, இவைதான் என் பாடம். புவியியல் எனக்குத் தெரியாது. சிவப்புப் பேனா மட்டும் தாராளமாக ஓடும்.

கலைவாணி என்ற மாணவி தன் ஊர்க் கிணற்றின் நீர்மட்டம் பற்றி எழுதியிருந்தாள். அதில் பதினான்கு வருட அட்டவணை ஒன்று. எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். அவள் அப்பா ஒவ்வொரு சித்திரை முதல் தேதியும் கயிற்றில் கல் கட்டிக் கிணற்றில் இறக்கி, தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று மோட்டார் கொட்டகைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதுவாராம். "சுவர் ஆதாரமாகாது, நீக்கு" என்று எழுதி ஒரு பக்கத்தையே அடித்தேன். மறுபேச்சு இல்லாமல் நீக்கினாள்.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி, "உன் சொந்தக் களத்தரவு எங்கே?" அவள் நடந்ததைச் சொன்னாள். சுவரின் புகைப்படத்தோடு அட்டவணையைத் திங்கட்கிழமைக்குள் சேர்த்தால் போதும் என்றார். இல்லாவிட்டால் பட்டம் அடுத்த வருடம்தான். சென்னையில் அவளுக்குக் கிடைத்திருந்த ஆராய்ச்சி இடம் அதுவரை காத்திருக்காது.

சனிக்கிழமை காலை 7.40க்குப் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் இருவரும் பாகூர் பஸ் ஏறினோம். தலைக்கு 22 ரூபாய். 8.35க்குப் பாகூர். அங்கே ஒரு கடையில் இட்லி சாப்பிட்டோம். சாம்பார் சுமார், காரச் சட்னி பிரமாதம். அங்கிருந்து சேலியமேட்டுக்கு ஆட்டோ 80 ரூபாய்.

"இன்னா மேடம், மனை பாக்க வந்தீங்களா?" என்றார் ஓட்டுநர்.

"இல்லண்ணா, எங்க வூட்டுக்குதான்" என்றாள் கலைவாணி.

"போட்டோ ஒண்ணுகூட எடுத்து வைக்கலையா?" என்று அவளிடம் கேட்டேன்.

"சொந்த செவுருதானே மேடம். எப்ப வேணா எடுத்துக்கலாம்னு இருந்துட்டேன்."

அவள் அப்பா வரப்பு வரை வந்து எங்களை அழைத்துப் போனார். சின்ன உருவம், சத்தமில்லாத பேச்சு. கரும்பு வெட்டி முடித்த நிலத்தைத் தாண்டி முந்நூறு மீட்டர் நடந்தால் கொட்டகை. கலைவாணி முன்னால் போய்க் கதவைத் தள்ளினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"பொங்கலுக்கு வூட்டுக்கு சுண்ணாம்பு அடிக்கறப்ப இதுக்கும் அடிச்சிட்டேன்" என்றார் அவர். "டீச்சர் இதெல்லாம் செல்லாதுன்னு சொன்னாங்கன்னு நீதானம்மா சொன்ன? யாராச்சும் வந்து பாத்தா உனக்குக் கெட்ட பேருன்னு, நல்லா சுரண்டிட்டு ரெண்டு தடவ அடிச்சேன்."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. பாராட்டை எதிர்பார்ப்பது போலத்தான் பார்த்தார். தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் யானையைச் சொல்வார்கள். நான் போட்டது இந்தப் பிள்ளையின் தலையில்.

எதற்காக வந்தோம் என்று மகள் சொன்னதும் அவர் முகம் இருண்டது.

"கணக்குதான் உன் பழைய பேப்பர்ல இருக்குதேம்மா. அதப் பாத்து திரும்ப எழுதிடறேன். என் கையெழுத்துதானே? கரிகூட இருக்குது."

வேண்டாம் என்று உடனே சொல்ல என்னால் முடியவில்லை. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்த எண்கள் உண்மை, எழுதப்போகும் கையும் அதே கை. எழுதட்டுமே என்றுதான் என் மனம் சொன்னது.

"வேணாம்ப்பா" என்றாள் கலைவாணி. "இன்னிக்கு எழுதிட்டு பதினாலு வருஷமா எழுதினதுன்னு காட்டினா அது பொய்யாயிடும். மேடமே அதான் சொல்லிக்குடுத்தாங்க." என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது.

வீட்டில் மோர் கொடுத்தார்கள். திங்கட்கிழமை நானே துறைத்தலைவரிடம் போய் என் தவறை எழுதிக் கொடுத்தேன். விதி விதிதான் என்றார். சென்னை இடம் போய்விட்டது.

என்னைப் போல ஆய்வேடு திருத்துகிறவர்கள் இந்தப் பக்கம் வருவதானால்: பாகூரிலிருந்து திரும்பும் பஸ் மதியம் குறைவு, 12.15ஐ விட்டால் நாங்கள் ஒரு மணி நேரம் நின்றது போல நிற்க வேண்டும். குடையும் தண்ணீரும் அவசியம். போக வர எனக்கு ஆன செலவு 204 ரூபாய்தான். ஒரு பக்கத்தை அடிப்பதற்கு முன்னால் அதைச் செலவழியுங்கள்.

அந்தச் சனிக்கிழமை புறப்படும்போது கலைவாணியின் அப்பாவிடம் கேட்டேன், இந்த வருடமும் சித்திரை ஒன்றாம் தேதி அளந்திருப்பீர்களே, எத்தனை அடி என்று.

"இல்லீங்க டீச்சர், இந்த வருஷம் அளக்கல" என்றார். "அதான் தப்புன்னு அப்பவே தெரிஞ்சி போச்சே."