சூடேறாத பிரேக்

உத்திரமேரூரில் ஜெனிஃபர் பிரேக் கடை போட்டு மூன்று வருஷம் ஆகிறது. மானாம்பதியில் கூலிக்கு நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். அவள் மட்டும் டிப்ளமோ முடித்து, ஒரகடம் பக்கம், சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் பேட் செய்யும் கம்பெனியில் எட்டு வருஷம் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தாள். எந்த பேட் எந்தச் சூட்டில் பிடிக்கும், எந்தச் சூட்டில் கைவிடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அந்த வெள்ளிக்கிழமை மாகறலிலிருந்து கலைச்செல்வன் ஒரு டப்பாவோடு வந்தார். நிலபுலம் உள்ள வீடு, நல்ல உத்தியோகம். மாதம் ஒரு ஞாயிறு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ரேஸ் டிராக்கில் தன் வெள்ளைக் காரை ஓட்டுவார். போன தடவை நாலாவது சுற்றில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டதாம்.

"சுத்தமான ரேஸ் பேடு. ஆன்லைன்ல வரவழைச்சேன். மாட்டிடு ஜெனி."

அவள் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். "அண்ணா, இது நல்லா சூடேறினாத்தான் புடிக்கும். டிராக்குக்குச் சரி. காத்தால வூட்ல இருந்து எடுக்கும்போது மிதிச்சா வண்டி நிக்காது. ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒத்து வர்ற மாதிரி வேற ஒண்ணு கீது. அதைப் போட்டு, சூடு தாங்குற பிரேக் ஆயிலும் ஊத்திக்கலாம். போன தபா பெடல் உள்ள போனது ஆயில் கொதிச்சதாலதான்."

"உன்னால மாட்ட முடியுமா முடியாதா, அதைச் சொல்லு."

கடையில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஜெனிஃபர் தயங்கினாள். "ஞாயித்துக்கிழமை டிராக்குல ஓட்டிட்டு, திங்கக்கிழமை காத்தால கயட்டிடணும். அதுவரைக்கும் வேற யாரும் எடுக்கக் கூடாது."

அவர் தலையாட்டினார். அவள் மாட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை காலையிலிருந்தே தூறல். எட்டு மணியாகியும் கார் வரவில்லை. போன் போட்டாள்.

"நான் கம்பெனி பஸ் ஏறப் போய்க்கினு கீறேன். புள்ளைய உத்திரமேரூர் ஸ்கூல்ல வுட என் வூட்டுக்காரி தேவயானி வண்டிய எடுத்துக்கினு போயிருக்கா. சாயங்காலம் கொண்ணாந்துடறேன்."

"அக்காகிட்ட பிரேக்கப் பத்தி சொன்னீங்களா?"

"இல்ல ஜெனி..."

"அண்ணா, உடனே போன் பண்ணி ஓரங்கட்டச் சொல்லுங்க!"

"ஓட்டும்போது அவ போன் எடுக்க மாட்டாளே..." அவர் குரல் இறங்கியிருந்தது.

ஜெனிஃபர் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஸ்கூட்டரை மாகறல் சாலையில் விரட்டினாள். எதிரே வந்த ஒவ்வொரு வெள்ளைக் காரையும் உற்றுப் பார்த்தாள். எதுவும் அது இல்லை. ஒரு வளைவில் ஆட்கள் கூடி நின்றார்கள். சாலைக்குக் கீழே நெல் வயலில் கார் பாதிச் சக்கரம் புதைந்து நின்றது. ஸ்கூட்டரை ஓரமாகப் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள்.

வரப்பில் தேவயானி, தன் மகள் இளவரசியை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் காயமில்லை.

"ஆட்டுக்காரர் ஒருத்தர் மந்தையோட குறுக்க வந்தாரு. மிதிச்சேன் ஜெனி. கல்லு மேல மிதிக்கிற மாதிரி இருந்துச்சு. வண்டி நிக்கவே இல்ல. அவர் மேல ஏத்திடுவேன்னு பயந்து வயல்ல இறக்கிட்டேன்."

அரைமணியில் கலைச்செல்வன் ஆட்டோவில் வந்து இறங்கினார். மகளைத் தடவிப் பார்த்தார். பிறகு ஜெனிஃபரிடம் திரும்பினார். "இன்னா வேலை பார்த்து வெச்சிக்கீற நீ?"

"நீங்க குடுத்ததைத்தான் மாட்டினேன். ஆனா மாட்டியிருக்கக் கூடாது. அது என் தப்பு."

"எனக்குத் தெரியாம இன்னா நடந்துச்சு?" என்றாள் தேவயானி. ஜெனிஃபர் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மதியம் டிராக்டர் கட்டி இழுத்து, காரைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். தேவயானியும் கூடவே வந்தாள்.

"இவர் டிராக்குக்குப் போறத நான் தடுக்கல. ஆனா காத்தால மொத மிதியிலயே வண்டி நிக்கணும். அதுக்கு எதைப் போடணும்?"

"நான் அன்னிக்கு சொன்ன பேடுதான் அக்கா. சூடேறாம சில்லுனு இருக்கும்போதும் புடிக்கும், டிராக் சூட்டையும் ஓரளவு தாங்கும். ஆனா நாலு சுத்து ஓட்டினா வெளிய வந்து ஆறவுடணும்."

"நாலே சுத்தா?" என்றார் கலைச்செல்வன். மனைவி அவரைப் பார்த்தாள். "சரி, நாலு" என்று முடித்துக்கொண்டார்.

சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் படிந்திருந்த ரேஸ் பேட் பொடியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தெடுக்கவே ஜெனிஃபருக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. புது பேட் மாட்டி, ஆயில் மாற்றி, சாயங்காலம் வெறிச்சோடிய சாலையில் பலமுறை மிதித்து மிதித்து, பேட் டிஸ்க்கோடு படியும்படி பழக்கினாள்.

மறுநாள் காலை, ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்திருந்த காரில் தேவயானி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஜெனிஃபர். கலைச்செல்வன் சாலையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேகமுள் நாற்பதைத் தொட்டது.

"மிதிங்க அக்கா."

தேவயானி கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தாள். மூடாமல் மிதித்தாள். கார் முன்பக்கம் குனிந்து, சட்டென்று நின்றது.

ஜெனிஃபர் அவள் பக்கம் திரும்பினாள். "போதுமா அக்கா?"

"இன்னொரு தபா" என்றாள் தேவயானி. ஆறு தடவை மிதித்துப் பார்த்த பிறகுதான் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தாள்.