சரியான வரிக்கும் ஒரு வெட்டு

சென்ற வாரம் தக்கலையில் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தேன். இயந்திரத்திலிருந்து வந்த தாள் கையில் சுட்டது. அந்தச் சூடும் கருகினாற்போன்ற வாடையும் மூக்கில் ஏறியதும், ஆதாரில் இருக்கிற என் முகத்தைக் காட்டிலும் கேவலமான ஒரு முகம் நினைவுக்கு வந்தது. அதுவும் என்னுடையதுதான். இருபத்தைந்து வயது, சட்டைப் பையில் மூன்று சிவப்புப் பேனா.

ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, அரசு வேலை என்னைத் தேடி வரும் என்று காத்திருந்த காலம். மார்த்தாண்டத்தில் ஒரு கோச்சிங் சென்டரில் இருந்தேன். கீழே ரப்பர் ஷீட் வாங்கும் கடை, மேலே நாங்கள். ரப்பர் ஷீட் நாற்றம் உங்களுக்குத் தெரியாதென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். அந்த நாற்றத்தில் உட்கார்ந்துதான் வெளிநாடு போகவேண்டிய நர்சுகள் உயர்நிலை ஆங்கிலத் தேர்வுக்குப் படித்தார்கள். அதில் பிழை திருத்தும் பகுதி என் சமஸ்தானம். ஒரு பத்தி கொடுப்பார்கள். பெரும்பாலான வரிகளில் வேண்டாத சொல் ஒன்று ஒளிந்திருக்கும், கண்டுபிடிக்க வேண்டும். சில வரிகளில் பிழையே இருக்காது. அங்கே ஒரு டிக் போட்டுவிட்டுப் பேசாமல் நகர வேண்டும்.

பயிற்சித் தாள்கள் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தவை. ஒருமுறை இயந்திரக் கண்ணாடியில் ஒரு ஈ செத்துக் கிடந்திருக்கிறது. மூன்று பேட்ச் பிள்ளைகள் அந்த ஈயைத் திருத்தினார்கள். நானும் அதற்கு மதிப்பெண் போட்டேன்.

சென்டர் முதலாளியைப் பிரின்சிபல் என்றுதான் கூப்பிட வேண்டும். அவருக்கும் ஆங்கிலத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நான் திருத்திய தாளை எக்ஸ்ரே பார்ப்பதுபோல வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்.

"என்னவே இது, ஒரு பக்கத்துக்கு நாலே நாலு செவப்பு? பிள்ளைக்க அப்பன் வந்து பாத்தாம்னா, வாத்தியாரு உறங்குதாருன்னுல்லா நெனைப்பான்?"

சனிக்கிழமைதோறும் அப்பன்மார் வருவது உண்மை. கல்யாணமான நர்சுக்குக் கணவன் வருவான். சிவப்பு நிறைய இருந்தால் "நல்ல ஸ்டிரிக்ட்" என்று நிறைவோடு போவார்கள். ஒரு ஆள் ஒரு வரி வாசித்ததில்லை. அவர்களைப் பழிக்க எனக்கு யோக்கியதை ஏது? சரியான வரிகளில் நானே பிழையைப் பெற்றெடுக்கத் தொடங்கினேன். ஒன்றும் அகப்படாவிட்டால் நடுவில் கிடக்கிற ஏதாவது ஒரு சொல்லை வெட்டுவேன். டிக் போடுவது சோம்பேறிகளின் வேலை என்று வகுப்பில் பிரசங்கம் வேறு.

லீமா குளச்சல்காரர், என்னைவிட மூத்தவர், சவூதியில் ஏழு வருடம் நர்சாக இருந்தவர். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை தயாராக இருந்தது. அந்த மாதத் தேர்வில் தேற வேண்டும், அவ்வளவுதான். தேறினால் பள்ளிக்கூடம் போகிற மகளையும் கூடவே கூட்டிப் போகலாம். சவூதியில் அதற்கு வழியில்லை.

"சாரே, இந்த வரியில ஒண்ணும் இல்லியே. எதுக்கு வெட்டினிய?"

"எல்லா வரியிலயும் ஏதாவது இருக்கும், சிஸ்டர். தேடணும்."

"சொகமா இருக்க ஆளப் பிடிச்சு ஊசி போட்டா எங்களுக்கு வேல போயிரும். ஒங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்லியா?"

வகுப்பே சிரித்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அதே வரியில் இன்னொரு சொல்லையும் வெட்டினேன். அன்று முதல் லீமாவின் தாளுக்குத் தனிக் கவனிப்பு. அவர் டிக் போட்ட இடமெல்லாம் ரத்தக்களரி. மூன்றே வாரத்தில் மனுஷி டிக் போடுவதையே விட்டுவிட்டார். வென்றுவிட்டேன் என்று அன்று சாயங்காலம் இரண்டு பழம்பொரி கூடுதலாகத் தின்றேன்.

திருவனந்தபுரத்தில் தேர்வை எழுதிவிட்டு நேராகச் சென்டருக்கு வந்தார். "ஒரு வரியையும் சும்மா விடல்ல, சாரே" என்றார். பிரின்சிபல் கைதட்டினார். நானும்தான்.

முடிவு வந்தது. மற்ற பகுதிகளில் தாராளமாக வாங்கியிருந்தவர், இந்த ஒன்றில் விழுந்து, மொத்தத்தில் கொஞ்சம் குறைந்துபோனார். அயர்லாந்து வேலை வேறு யாருக்கோ போயிற்று.

"அடுத்த பேட்ச்ல சேந்துக்கிடலாம், மக்களே" என்றார் பிரின்சிபல், வாய் கூசாமல்.

லீமா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் பயிற்சித் தாள்களை எல்லாம் என் மேஜையில் பரப்பினார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போட்டிருக்கலாம்.

"உள்ளதச் சொல்லுங்க, சாரே. இதில எது எனக்க தப்பு, எது ஒங்களுக்க தப்பு?"

புரட்டினேன். ஒரே சிவப்பு. எனக்கே தெரியவில்லை. "பிரிச்சு வைக்கேன் சிஸ்டர், அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லி, கட்டி அலமாரியில் வைத்தேன். அடுத்த வாரம் அவர் சவூதிக்கே விமானம் ஏறிவிட்டார். மகள் குளச்சலில்.

இப்போது அந்தத் தேர்வில் பிழை திருத்தும் பகுதியே இல்லையாம். சென்டர் இருந்த மாடியில் மாடுலர் கிச்சன் விற்கிறார்கள். ரப்பர் கடையும் நாற்றத்தோடு போய்விட்டது. அந்த மகளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கலாம். லீமாவின் கட்டு வெகுநாள் அலமாரியில் பிரிக்காமலே கிடந்தது. சென்டரை மூடிய அன்று பிரின்சிபல் எல்லாக் காகிதத்தையும் எடைக்குப் போட்டார். அந்தக் கட்டைத் தராசில் தூக்கி வைத்தது நான்தான்.