கரடிக்கு ஒரு துவக்கு

நடப்பதற்காகக் காரில் அரைநாள் ஓடிப் போகிற மனிதர்களை நான் கனடாவில்தான் கண்டேன். ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. அங்கே நாங்கள் நடந்தது பஸ் இல்லாததால், அல்லது பின்னால் ஷெல் விழுந்ததால். இங்கே நல்ல சம்பளம் எடுக்கிறவன் சனிக்கிழமை விடிய எழும்பி, சப்பாத்தை இறுக்கிக் கட்டி, காட்டுக்குள் ஏறி இறங்கிக் களைத்து வந்து, அதற்கு ஹைக்கிங் என்று பெயரும் வைத்திருக்கிறான். என் கணவருக்கு இந்த ஆசை ஒஷாவாவில், கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தொற்றியது. அங்கே பக்கத்து மெஷினில் நின்ற டேல் என்ற வெள்ளைக்காரரின் தமையனுக்கு வடக்கே சொந்தமாகக் காடு இருந்தது. ஒரு வசந்தகாலத்தில் டேல் எங்களையும் அங்கே நடக்கக் கூட்டிப் போனார்.

அன்றைக்குத்தான் கரடியைக் கண்டோம். கறுப்புக் கரடி, அவ்வளவு பெரிதும் இல்லை. பற்றைக்குள் இருந்து வந்து பாதையில் நின்று எங்களைப் பார்த்தது. டேல் கையைத் தட்டி ஒரு சத்தம் போட்டார். அது அலுத்துப்போன மாதிரித் திரும்பிப் போய்விட்டது. அதற்கிடையில் என் கணவர் என் தோளைப் பிடித்து என்னைத் தனக்கு முன்னால் இழுத்து விட்டிருந்தார். டேல் அதைக் கண்டுவிட்டார். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். பிறகு இவர் போகும் வரும் இடமெல்லாம் யாராவது ஒருவன் கரடி மாதிரி உறுமினான். அந்த உறுமலுக்கெல்லாம் வீட்டில் அடி வாங்கியது நான். மல்வேர்னில் எங்கள் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை, ஆனால் பக்கத்து வீட்டுக்காரரும் எங்கள் ஆட்கள். அவர்களுக்கு அந்த நேரங்களில் டிவிச் சத்தத்தைக் கூட்டி வைக்கத் தெரியும்.

அதோடு இவர் கரடியைச் சுட ஒரு துவக்கு வாங்கத் தீர்மானித்தார். நகரத்துக்கு வெளியே ஒரு கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். என் கூறைச் சேலையை இவ்வளவு கவனமாக யாரும் தெரிவு செய்யவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாரம் பார்த்தார், தோளில் வைத்தார், விரலால் தடவினார். கடைக்காரர் பொறுமையான கிழவர். கரடி கிட்ட வந்த பிறகுதான் கண்ணில் படும், அப்போது குறிபார்க்க நேரம் இருக்காது, அதனால் நீள ரைபிள் உதவாது, குட்டைக் குழல் ஷொட்கன்தான் நல்லது, அதற்கும் சிதறிப் போகும் சில்லறைச் சன்னம் போடாமல் கனத்த ஒற்றைக் குண்டு போட வேண்டும் என்றெல்லாம் விளக்கினார். முதலில் மிளகாய் ஸ்ப்ரே ஒன்றை வாங்கிப் போ, பெரும்பாலும் அதுவே போதும் என்றும் சொன்னார். மிளகாய்த்தூள் வீட்டில் கிலோக் கணக்கில் கிடக்கிறது என்று இவர் என்னிடம் தமிழில் பகிடி விட்டார். பிறகு ஒரு ஷொட்கனைத் தூக்கி, சுவரில் மாட்டியிருந்த கரடித் தலையைக் குறிபார்த்து, அப்படியே மெல்லத் திரும்பி என் நெஞ்சுக்கு நேரே பிடித்தார். கிழவர் பதறிப்போய்க் குழலைக் கையால் தட்டிவிட்டார். மனிதருக்கு நேரே பிடிக்கக் கூடாது என்றார்.

"இற்ஸ் ஓகே," என்றார் இவர். "ஷீ இஸ் மை வைஃப்."

ஊரில் இவர் இப்படி இருந்ததில்லை. கலியாணம் முடித்த புதிதில் ஒரு நாள் சென்றியில் மறித்து ஒரு ஆமிக்காரன் துவக்கு முனையால் இவருடைய நாடியை நிமிர்த்தி, மற்றவர்களைக் கூப்பிட்டு முகத்தைக் காட்டிச் சிரித்தான். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வீட்டுக்கு வந்து இவர் அந்த நாடியைக் கிணற்றடியில் நின்று தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். எனக்கு அழுகை வந்தது. துவக்கு வைத்திருப்பவனை இவர் வாழ்நாள் முழுக்க வெறுப்பார் என்று நினைத்தேன். இவர் வெறுத்தது துவக்கின் முன்பக்கத்தில் நின்றதைத்தான் என்பது அந்தக் கடையில் விளங்கியது. நேரே எழுதிவிடுகிறேன்: எனக்கு இவரில் பயம். கரடியில் அவ்வளவு இல்லை.

இந்த நாட்டில் துவக்கு அனுமதி கேட்கிறவனின் மனைவியிடமும் விசாரிப்பார்கள். இவர் என்னை இருத்திப் பாடம் எடுத்தார். "போன் வரும். என்ன கேட்டாலும் யேஸ் எண்டு சொல்லு. நோ எண்டால் சந்தேகப்படுவினம். யேஸ், அவ்வளவுதான்." நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன், நாள் முழுக்க வெள்ளைக்காரக் கிழவிகளின் கதை கேட்டு என் ஆங்கிலம் வளர்ந்துவிட்டது. அது இவருக்குத் தெரியாது. இவர் வேலைக்குப் போயிருந்தபோது ஒரு பெண் அலுவலர் போனில் கதைத்தா. உன் கணவர் துவக்கு வாங்குவது தெரியுமா? யேஸ். உன்னை எப்போதாவது அடித்திருக்கிறாரா? யேஸ். அவரில் உனக்குப் பயமா? யேஸ். பிறகு அதே கேள்விகளை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டா. நான் மனிசன் சொல் தட்டாத மனிசி. எல்லாவற்றுக்கும் யேஸ் என்றேன்.

அடுத்த கிழமை அவ வீட்டுக்கே வந்துவிட்டா. அன்றைக்கு இவர் வீட்டில் இருந்தார். விசயத்தைக் கேட்டதும் இவருக்கு முகம் ஒரு கணம் கறுத்து, உடனே சிரிப்பு வந்தது. என் மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது, எங்கள் பெண்கள் மரியாதைக்கு எல்லாவற்றுக்கும் யேஸ் சொல்வார்கள், வேண்டுமானால் நீங்களே சோதித்துப் பாருங்கள் என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தா. நல்ல கண்கள். எனக்கு உதவத்தான் வந்திருந்தா. ஆனால் அவவுக்குத் தமிழ் தெரியாது. இவர் என் பக்கம் திரும்பி, இனிமையாக, என்னை 'நீர்' போட்டுக் கதைத்தார். இவர் 'நீர்' என்றால்தான் நான் நடுங்குவேன்.

"வடிவா யோசிச்சுச் சொல்லும். இவ போனாப் பிறகு வீட்டிலை நீரும் நானும்தான்."

என்ன சொன்னீர்கள் என்று அவ கேட்டா. கூச்சப்பட வேண்டாம் என்று சொன்னேன் என்றார்.

அவ ஜன்னலைக் காட்டினா. நல்ல ஜூலை வெயில். எதிர்வீட்டுப் பிள்ளைகள் குழாய்த் தண்ணீரில் நனைந்துகொண்டு நின்றார்கள். வெளியே ஸ்னோ கொட்டுகிறதா என்று என்னைக் கேட்டா. நோ என்றால் எனக்கு ஆங்கிலம் விளங்குகிறது, போனில் சொன்னது அத்தனையும் உண்மை. நான் வாயைத் திறந்தேன். இவருடைய கை என் கதிரையின் முதுகில் இருந்தது.

"யேஸ்," என்றேன்.

அவ பெருமூச்சு விட்டா. பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, நூலகத்தில் இலவச ஆங்கில வகுப்பு இருக்கிறது, கட்டாயம் போக வேண்டும் என்று உரத்து, மெதுவாகச் சொன்னா. இவர் நன்றி சொல்லி வாசல் வரை கூட்டிப்போய் வழியனுப்பினார். இலையுதிர்காலத்துக்கு முன்னம் துவக்கு வீட்டுக்கு வந்துவிட்டது. பூட்டிய அலுமாரிக்குள் இருக்கிறது. திறப்பு இவருடைய சட்டைப்பையில்.

வகுப்புக்கு இவரே கொண்டுபோய் விடுகிறார், முடியும்வரை கதவடியில் நிற்கிறார். என்னோடு சேர்ந்த சோமாலியப் பெண்ணும் சீனக் கிழவரும் மேல்வகுப்புக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் முதல் வகுப்பிலேயே இருக்கிறேன். போன சனிக்கிழமை ரீச்சர் ஒவ்வொருவரிடமும், நீ எந்த ஊர், எங்கிருந்து வந்தாய் என்று கேட்டுக்கொண்டு வந்தா. என் முறை வந்தது. அந்த ஊரின் பெயர் என் தொண்டை வரை வந்துவிட்டது. கதவடியில் இவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேர் ஆர் யூ ஃப்ரொம்?" என்று ரீச்சர் இன்னொரு முறை கேட்டா.

"யேஸ்," என்றேன்.