கையில் இருந்த சிவப்பு உறை

அந்த அறையில் ஆறு படுக்கைகள், ஆறு போன்கள். எந்தப் போன் அடித்தாலும் ஆறு பெண்களும் விழுந்தடித்து எழுவார்கள். அதனால் ஆளுக்கொரு மணியோசை என்று ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். சேவல் கூவினால், அறையில் மூத்த துணை விமானிக்கு அழைப்பு; அவளைக் ‘கடிகாரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சைக்கிள் மணி கேட்டால், அறைக்குப் புதிதாக வந்தவளுக்கு.

அவளுக்கு இருபத்தாறு வயது. சின்ன ஊர்களுக்குப் பறக்கும் எழுபது இருக்கை விமானத்தில் புதிய துணை விமானி. புதியவர்களுக்கு நிலையான பயணங்கள் கிடையாது, காத்திருப்புப் பணிதான். காலை நான்கு முதல் மாலை நான்கு வரை போனும் கையுமாக இருக்க வேண்டும். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கூப்பிடுவார்கள். பதினைந்து நிமிடத்துக்குள் பதில் சொல்லி, ஒன்றரை மணி நேரத்துக்குள் சீருடையோடு போய் நிற்க வேண்டும்.

முதல் மாதமே அவள் தவறினாள். தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தபோது சைக்கிள் மணி அடித்தது, தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. பதினேழாவது நிமிடம் திருப்பிக் கூப்பிட்டாள்.

“வேற ஆளப் போட்டாச்சும்மா,” என்றார் பணி ஒதுக்குபவர். குரலில் கோபமே இல்லை.

மறுநாள் கடிதம் வந்தது. தகுதிகாண் காலம் முடிவதற்குள் இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலை போய்விடும்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. குளியலறையில் போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கண்ணெதிரே தொங்கவிட்டாள். குழாயில் தண்ணீர் சொட்டினாலும் சைக்கிள் மணி போலக் கேட்டது. எட்டு மணிக்கே படுத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

“போனோட குடும்பமே நடத்துற போலிருக்கு,” என்றாள் கடிகாரம். “கொஞ்சம் கண்ண மூடுடி. அடிச்சா நான் உதைச்சு எழுப்புறேன்.”

“நீங்க பறக்கப் போயிட்டா யாரு உதைப்பாக்கா?”

அம்மா வேறு, வேளை பார்க்காமல் கூப்பிடுவாள்.

“நாலு மணிக்கு மேல பேசும்மா. லைன் பிஸியா இருந்தா என் பொழப்பே போச்சு.”

“எடுத்தா எரிஞ்சு விழற. எடுக்கலைன்னா வானத்துல இருக்கியோன்னு எனக்கு அடிச்சுக்குது. நான் என்னதான்டி பண்றது?”

இருபத்திரண்டு நாள் அழைப்பே வரவில்லை. இருபத்து மூன்றாம் நாள் நண்பகலில் சைக்கிள் மணி அடித்தது. அதற்கு முந்தைய இரண்டு இரவும் சேர்த்து அவள் நான்கு மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம்.

“மலையூர் போற விமானம். தயாரா?” என்றார் பணி ஒதுக்குபவர்.

“தயார் சார்,” என்று வாய் முந்திக்கொண்டது.

விமான நிலையத்தில் ஒரு படிவம். ‘போதிய ஓய்வு எடுத்திருக்கிறேன்’ என்ற வரிக்கு எதிரே கட்டம். பேனா அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு குறி போட்டாள்.

மலையூரில் மழை, ஓடுதளமும் நீளம் குறைவு. கேப்டன் அந்த அறிக்கையை வாசித்துவிட்டு, வெளிச் சோதனைக்கு அவளை அனுப்பினார். விமானத்தை ஒரு சுற்று சுற்றி வந்து டயர், விசிறி, இறக்கை எல்லாம் பார்க்க வேண்டும். மூக்கின் இரு பக்கமும் வேகத்தை அளக்கும் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். தூசியும் பூச்சியும் போகாமல் இருக்க அவற்றுக்குச் சிவப்புத் துணி உறை மாட்டியிருப்பார்கள். கழற்ற மறந்து மேலே ஏறினால் விமானம் எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதே தெரியாது.

சுற்றி முடித்துப் படியருகே வந்தபோது கையில் ஒரு சிவப்பு உறை இருந்தது.

ஒன்றுதான் இருந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தாள். இரண்டு குழாய்களும் வெறுமையாக இருந்தன. இன்னொரு உறை? சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்திருந்தது. கழற்றியது நினைவில்லை, மடித்ததும் நினைவில்லை. டயர்களைப் பார்த்தோமா? எவ்வளவு யோசித்தும் டயர் ஒன்றுகூட மனதில் வரவில்லை.

பயணிகளின் பேருந்து கட்டடத்தை விட்டுக் கிளம்பியது. முன் இருக்கையில் ஒரு குழந்தை கண்ணாடியில் மூக்கை அழுத்தியிருந்தது.

கேப்டனிடம் போய் இரண்டு உறைகளையும் நீட்டினாள்.

“சார், ரெண்டையும் கழட்டிட்டேன். ஆனா கழட்டினது ஞாபகம் இல்ல. நான் தூங்கி ரெண்டு நாளாச்சு. படிவத்துல பொய்யாக் குறி போட்டுட்டேன்.”

அவர் உறைகளைப் பார்த்தார், பிறகு அவளை. “இத எழுதித் தரணும், தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“தகுதிகாண் காலமா?”

தலையசைத்தாள்.

அவர் போனை எடுத்து வேறு ஆள் கேட்டார். அறையில் கடிகாரத்தின் சேவல் கூவியிருக்கும். விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம் என்று பலகையில் எழுத்து ஓடியது. பேருந்தில் திரும்பி வந்து காத்திருந்த கூட்டத்தில் யாரோ, “இவனுங்களுக்கு இதே வேலை,” என்றார். அவள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்களைத் தாண்டி நடந்தாள்.

வாசலில் போன் அடித்தது. தலைமை விமானி.

“நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீஸ் வா. தூங்கிட்டு வா.” வைத்துவிட்டார்.

அந்த ‘தூங்கிட்டு வா’ அக்கறையா, குத்தலா? பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். வேலைக்கு ஆள் வேண்டுமென்றால்தானே தூங்கச் சொல்வார்கள்? இல்லை, இனி தூங்குவதைத் தவிர உனக்கு வேறென்ன வேலை என்பதா?

“எம்மா, கடைசி ஸ்டாப்பு. எறங்கு,” என்று கண்டக்டர் தோளைத் தட்டினார்.

பதறிப் போனைப் பார்த்தாள். மடியில்தான் கிடந்தது. எடுக்காத அழைப்புகள் மூன்று, மூன்றும் அம்மா. சைக்கிள் மணி மூன்று முறை அடித்தும் அவளுக்குக் கேட்கவில்லை.

அம்மாவின் எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே அம்மா எடுத்துவிட்டாள்.

“எங்கடி இருக்க? வானத்துலயா?”

“இல்லம்மா,” என்றாள். “கீழதான் இருக்கேன்.”