பெட்டியிலேயே இருந்த பூட்சு

கண்ணபிரானை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. பாதி அவன் மேல், பாதி என் மேல்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நான் பிட்டர். அவன் பதிலி ஆள். நிரந்தர ஆள் எவனாவது லீவு போட்டால்தான் அவனுக்கு வேலை. தினமும் காலை ஏழு மணிச் சங்குக்கு கேட்டில் வந்து நிற்பான். மேஸ்திரி பேர் வாசிப்பார். பேர் வரவில்லையென்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஏழு வருஷம் இப்படி நின்றான்.

எண்பத்தொன்பதில் வனத்துறையில் காட்டு வாட்சர் வேலைக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. நடைப் பரீட்சை உண்டு. நாலு மணி நேரத்தில் இருபத்தைந்து கிலோமீட்டர். வயது வரம்பு அவனுக்கு அந்த வருஷத்தோடு முடிகிறது. விட்டால் விட்டதுதான்.

ஊருக்கு நடுவே ஒரு சின்ன மலை இருக்கிறது. எரிமலையாக இருந்து ஆறிப்போனது என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு. யார் கண்டது. வெயில் ஏறினால் அந்தப் பாறை தோசைக்கல்தான். பரீட்சைக்குப் பழக அவன் விடியுமுன் கிளம்பிப் போய் நாலு தரம் ஏறி இறங்குவான். உச்சியில் கோவில் இருப்பதால் அந்த மலையில் நாங்கள் யாரும் செருப்புக் காலோடு ஏற மாட்டோம். அடிவாரத்துப் புளியமரத்தடியில் கழற்றிவிடுவோம். ஐந்து மாதம் வெறுங்காலில் ஏறி அவன் பாதம் லாரி டயர் மாதிரி ஆகிவிட்டது. அப்படியே விட்டிருக்கலாம்.

நான்தான் குறுக்கே போனேன். பூட்சு போடாமல் போனால் விரட்டிவிடுவார்கள் என்று டீக்கடையில் எவனோ சொன்னான். விசாரிக்கக்கூட இல்லை. பீர் முகமது செருப்புக் கடைக்கு அவனை இழுத்துக்கொண்டு போய் வெள்ளை கேன்வாஸ் பூட்சு எடுத்துக் கொடுத்தேன். பீர் முகமது அவன் காலைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

“தம்பி, பத்து நாளாவது போட்டு நடந்து பழகும். இல்லேன்னா காலைக் கடிச்சிரும்.”

தலையை ஆட்டினான். ஆனால் அவன் நடப்பதே மலையில்தான். மலைக்குப் பூட்சு ஆகாது. ரோட்டில் நடந்து பழகு என்றேன். செட்டியார்பட்டி ரோட்டில் நடந்தால் மூச்சு பழகாது என்றான். பூட்சு பெட்டியிலேயே கிடந்தது. வாங்கிக் கொடுத்ததோடு என் சோலி முடிந்தது என்று நானும் இருந்துவிட்டேன்.

பரீட்சை ஸ்ரீவில்லிபுத்தூரில். நான் லீவு போட்டுவிட்டு அவனோடு போனேன். வந்தவர்களில் பாதிப் பேர் வெறுங்கால். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதைப் பார்த்த பிறகாவது கழற்றுடா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பூட்சில் ஆள் எடுப்பாக இருந்தான்.

பதினைந்தாவது கிலோமீட்டர் வரை அவன்தான் முன்னால் என்று வந்தவர்கள் சொன்னார்கள். பொறவு எல்லாரும் வந்து சேர்ந்தும் அவனைக் காணோம். கடைசியில் பாதத்தைச் சாய்த்துச் சாய்த்து வைத்து வந்தான். ஒன்பது நிமிஷம் பிந்தி. வெள்ளைப் பூட்சின் குதிகால் இரண்டும் சிவந்திருந்தன.

“ஏலே, கடிச்சா கழட்டி வீசிட்டு வர வேண்டியதுதான? ஒன் காலுக்கு ரோடு எம்மாத்திரம்?”

“நீங்க ஆசையா வாங்கிக் குடுத்தது அண்ணாச்சி. எப்படி வீச?”

“கையில தூக்கிட்டு நடந்திருக்கலாம்லா.”

குனிந்து பூட்சைப் பார்த்தான். “அது தோணல அண்ணாச்சி.”

பஸ்ஸில் திரும்பும்போது நான் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

புண் ஆறியதும் மறுபடி மலை ஏற ஆரம்பித்தான். இனி எதுக்குல என்று கேட்டேன். விடியக்காலம் படுத்துக் கிடக்க முடியவில்லை என்றான். வீட்டிலிருந்து புளியமரம் வரை அந்தப் பூட்சைத்தான் போட்டு வருவான். இறங்கியதும் அதையே மாட்டிக்கொண்டு மில் கேட்டுக்கு ஓடி வருவான்.

தொண்ணூறு பொங்கல் கழிந்து ஒரு நாள் கேட்டில் பேர் வாசித்து முடித்தார்கள். அவன் பேர் இல்லை. நான் உள்ளே போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“இப்பல்லாம் கடிக்கவே மாட்டேங்கு அண்ணாச்சி. நல்லா பழகிருச்சு.”

அந்தப் பூட்சோடு அவன் வீட்டுக்குத் திரும்பினான், நான் உள்ளே போனேன்.