குழாய்க்காரர் குடித்த பாதி ஜாடி

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தொழில், அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாய்களுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது. எந்த வளைவில் வேர் நுழைந்திருக்கிறது, எங்கே யார் வீட்டுப் பொம்மை சிக்கியிருக்கிறது என்று சின்னத் திரையைப் பார்த்துச் சொல்லிவிடுவார். சொல்வதோடு விட்டால் பரவாயில்லை. "குழாயைக் கழுவி வைக்காம கேமரா விடச் சொன்னா, நான் எதைப் பாக்கறது, உங்க மூஞ்சியையா?" என்று ஆட்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

அவருக்குப் பெருங்குடலில் புண் வரும் வியாதி, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பல வருஷமாக உண்டு. மாத்திரைக்கு அடங்கிக் கிடக்கும். கிளம்பிவிட்டால் ரத்தம், வலி, ஓட்டம். வேலைக்குப் போகிற வீட்டில் முதல் காரியமாகக் கழிப்பறை எங்கே என்று விசாரிப்பார். ஜனங்கள் அதைத் தொழில்பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

"இத்தனை வருஷம் புண்பட்ட குடல்ல பாலிப் வரலாம், சதை முளைச்ச மாதிரி" என்றார் டாக்டரம்மா. "நெறைய பாலிப் புண் ஆறின அடையாளம்தான், ஒண்ணும் பண்ணாது. சிலது புற்றுநோயா மாறலாம். ரொம்ப மோசமா இருந்தா பெருங்குடலையே எடுக்க வேண்டி வரும். கேமரா விட்டுப் பாத்துடலாம்."

அக்காவுக்கு முகம் வெளுத்துப்போனது. அத்தான் மட்டும், "உங்க கேமரா கேபிள் எவ்வளவு நீளம்?" என்று கேட்டார்.

சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு பெரிய ஜாடி பேதி மருந்து குடிக்க வேண்டும். பாதி ஜாடியில் கழிப்பறையிலிருந்து வெளியே வந்து, "தண்ணி தெளிவா வருது, லைன் கிளியர்" என்று தீர்ப்புச் சொல்லி, மீதியைத் தொட்டியில் கொட்டினார்.

"முழுசும் குடிக்கணும்னாங்களே" என்றாள் அக்கா.

"குழாயைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா?"



மறுநாள் ஆஸ்பத்திரியில் திரைச்சீலைக்கு வெளியே நாங்கள் உட்கார்ந்திருந்தோம். உள்ளே அரை மயக்கத்தில் அத்தானின் குரல்: "வளைவு வருது... தள்ளாதீங்க... மெதுவா, மெதுவா!" நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். பின்னாலேயே டாக்டரம்மா வந்தார், சிரிக்காமல்.

"பாதிக்கு மேல ஒண்ணும் தெரியல. முழுசும் குடிச்சாரா?"

அக்கா போட்டு உடைத்துவிட்டாள். டாக்டரம்மா திரும்பிப் போய், "கழுவாத குடல்ல பாலிப் ஒளிஞ்சிருந்தா எனக்கு எப்படித் தெரியும்? நீங்க செய்யற வேலைக்கு இதுகூடவா தெரியாது?" என்று அத்தானை வெளுத்து வாங்கினார். அத்தான் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டார். அவர் திட்டு வாங்கியதில் எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது, பொய் சொல்வானேன்.

இரண்டாம் தடவை அக்கா கழிப்பறை வாசலிலேயே நாற்காலி போட்டுவிட்டாள்.

"தெளிவா வருதுடி!"

"வரட்டும். குடிங்க."

இந்தத் தடவை எல்லாம் தெரிந்தது. ஒன்றும் பண்ணாத பாலிப்கள் கூட்டமாக இருந்தன. போன தடவை தெரியாத பகுதியில், ஒரு வளைவுக்குப் பின்னால், தட்டையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வரும் வரை அத்தான் யாரையும் திட்டவில்லை. ஒரு வீட்டில் குழாயிலிருந்து முழுப் போர்வையையே உருவி எடுத்தார். அதற்கும் "பரவாயில்லைங்க" என்றார். "யாரையாவது ரெண்டு வார்த்தை திட்டுங்களேன்" என்று அக்கா கெஞ்சிப் பார்த்தாள்.

"கெட்டதா மாற ஆரம்பிச்சிருக்கு, ஆனா புற்றுநோய் இல்ல" என்றார் டாக்டரம்மா. "முழுசா எடுத்தாச்சு. சுத்தி இருக்கற சதையும் நல்லாருக்கு. குடலை எடுக்க வேணாம். சில மாசத்துல மறுபடி பாக்கணும்."

அக்கா அங்கேயே ஓவென்று அழுதாள். அத்தான் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அன்னிக்குத் தெளிவால்லாம் வரலடி. பாத்தா ஏதாவது இருக்கும்னு பயம். தெரியாமலே போகட்டும்னுதான் கொட்டிட்டேன்."

அக்கா அழுகையை நிறுத்தினாள். டாக்டரம்மா பார்க்கப் பார்க்க அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்த கையை எடுக்கவேயில்லை.