தாய்வோவின் மூக்கு

காலையில் பாத்திரம் கழுவுவதற்கு முன்னால் மொராதேகே தாய்வோவைக் குளிப்பாட்டிவிடுவாள். இரட்டையரில் இறந்துபோன மகளுக்காகச் செய்த மரப்பொம்மை அது. செம்மரத்தூள் பூசி, வாயில் அவித்த பயறு தடவி, அதே பயறை உயிரோடிருக்கும் கெஹிந்தேவுக்கும் ஊட்டுவாள். ஒருத்திக்குச் செய்வதை மற்றவளுக்கும் செய்தாக வேண்டும். ஈசெயின் ஊரில் இரட்டை பெற்ற வீடுகளில் வேறு வழக்கம் கிடையாது.

பொம்மையைச் செதுக்கியவன் அவள் கணவன் ஓனாஜிடே. கதவும் முகமூடியும் செதுக்கிய குடும்பம். மகள் இறந்த வாரமே அழாமல் உட்கார்ந்து, பெரிய கண்ணும் எடுப்பான மூக்குமாகச் செய்துகொடுத்தான். வருஷக்கணக்காக மொராதேகேயின் விரல் பட்டு அந்த முகம் மழுங்கியது. அந்த மழுக்கத்தைப் பார்த்துப் பார்த்தே அவன் முகமூடிகளை விட்டான். கண், வாய் எதுவுமில்லாத வழவழப்பான உருவங்களுக்குப் போனான். இபாதான் நகர அருங்காட்சியகத்தில் அவற்றைக் கண்ணாடிக்குள் வைத்தார்கள்.

"மூஞ்சி வைக்காமலே பேர் வாங்கிட்டான்டி உன் புருஷன்!" என்பாள் அடுத்த வீட்டு சாதே அம்மா. "நானும் நாளைலேர்ந்து பயறு அரைக்காம வடை சுடப்போறேன்."

இன்று குளிப்பாட்டும்போது மொராதேகேயின் விரலுக்கு மூக்கு தட்டுப்படவில்லை. நேற்று ஒரு சின்ன மேடு இருந்தது. பொம்மையின் கழுத்து மடிப்பில் புது மரத்தூள்.

கெஹிந்தே தட்டைத் தள்ளினாள். "மண்ணு மாதிரி இருக்கும்மா. வாசனையே இல்ல."

மொராதேகே வெங்காயத்தை நசுக்கி அவள் மூக்கருகே பிடித்தாள். குழந்தையின் கண்ணில் நீர் வழிந்தது. "ஒண்ணுமே தெரியலம்மா."

பொம்மையைத் தூக்கிக்கொண்டு பட்டறை அறைக்குள் போனாள். கெஹிந்தே முந்தானையைப் பிடித்தபடி பின்னால் வந்தாள்.

"கெஹிந்தே அப்பா, இவ மூக்கைத் தேய்ச்சீங்களா?"

ஓனாஜிடே நிமிரவில்லை. மரத்தை வழவழப்பாக்கும் சொரசொரப்பான இலை அவன் கையில் இருந்தது. "நீ தேய்ச்சதுல பாதியில நின்னிருந்துச்சு. நான் முடிச்சேன்."

"புள்ளைக்கு வாசனை போயிடுச்சு."

"சளியா இருக்கும்."

"சளி இல்ல. திரும்பக் கீறிவிடுங்க. இப்பவே." கத்தியை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

பொம்மையை மடியில் வாங்கினான். கத்தி முனையை முகத்தின் நடுவில் வைத்தான். கை அப்படியே நின்றது. பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலால் அந்த முகத்தை மெதுவாகத் தடவினான். கெஹிந்தே கன்னத்தைச் சொறிந்துகொண்டாள்.

"எவ்வளவு அமைதியா இருக்கு பாரு," என்றான். "கண்ணும் வாயுந்தான் பாக்கி."

மொராதேகே பொம்மையை வெடுக்கென்று பிடுங்கி, அதன் கண்களை உள்ளங்கையால் பொத்தினாள். பக்கத்தில் கெஹிந்தே கைகளை முன்னால் நீட்டித் துழாவினாள்.

"ஏன் இருட்டாயிடுச்சு? அப்பா, நீங்க எங்க இருக்கீங்க?"

ஓனாஜிடே எழுந்தான். இலையைக் கீழே போடாமலே, மகளைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வெளியே போனான்.